மந்தைக்கு முன்னே நடந்தவன்

வெஸ்ட் ஹேலம், வெர்மாண்ட்
1817 அக்டோபர் 12

அன்புத் தம்பி ஆசகேலுக்கு அக்கா கேத்தூரா எழுதுவது.

கர்த்தர் கிருபையால் நானும் மகள் லோயிஸும் சுகம். உனக்கு அந்தக் குளிர்காய்ச்சல் விட்டதா? உன் வீட்டுக்காரி டார்க்கஸ் சுகமா? நீ வளர்த்த ப்ரைட் எருதும் சுகமாக இருக்கிறது. இந்த ஊரில் அதற்கு ஈடான எருது கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஸ்டோடர்ட் எழுந்து ஒரு அறிவிப்புச் செய்தார். இங்கிலாந்தோடு நடந்த சண்டையில் இறந்துபோன நம் ஊர்க்காரர்களின் பெயரை எழுதி, சபைக் கூடத்தில் பலகை மாட்டப் போகிறார்களாம். வருகிற ஜூலை நான்கு, சுதந்திர நாளில் அதை உரக்க வாசிப்பார்களாம். ஆறு பெயர் சொன்னார். என் புருஷன் யோதாம் பெயர் அதில் இல்லை.

வாசலில் மறித்துக் கேட்டேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "யோதாம் தங்கமான மனுஷன்மா. ஆனா மாடு மிதிச்சுச் செத்தவரைச் சண்டையில செத்தவங்களோட எப்படிம்மா சேர்க்கறது?"

"யாரோட மாடு?" என்றேன்.

"காட்டுல திரிஞ்ச மாடு. அது யாருக்குத் தெரியும்?"

முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை, ஆசகேல். அறுபது மாடுகளைக் கனடா எல்லைக்கு ஓட்டி, நம்மைச் சுட்ட ராஜாவின் பட்டாளத்துக்கே இறைச்சி விற்ற மனிதர். அந்த மந்தையைத் தடுக்க ஆல்டர் ஓடைப் பாலத்தில் நின்ற காவலன் யோதாம். இன்று ஸ்டோடர்ட் நாட்டுத் துணிதான் உடுத்துகிறார், தேசச் சின்னமான கழுகு போட்ட பித்தான் வைத்திருக்கிறார், மூச்சுக்கு மூச்சு "நம்ம தேசம்" என்கிறார்.

உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். 1814 செப்டம்பரில், அது நடப்பதற்கு ஒரு வாரம் முன்னால் ப்ரைட்டை ஸ்டோடர்ட்டுக்கு விற்றாய் என்று நீயே என்னிடம் சொன்னாய். யோதாம் செத்த இரண்டாம் நாள் அந்த எருது தானாக என் தொழுவத்துக்கு வந்து நின்றது, இன்றுவரை ஸ்டோடர்ட் அதைக் கேட்டு வரவில்லை. அப்படியானால் மந்தை யாருடையது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீ விற்றதை மட்டும் அங்குள்ள நீதிபதி முன்னால் சத்தியம் செய்து எழுதி அனுப்பு. அன்று நீ காய்ச்சலாகப் படுத்திருந்தாய், மற்றதை நீ பார்த்ததாகச் சொல்லச் சொல்லவில்லை. நான்கு வரி போதும்.

உன் அக்கா
கேத்தூரா வீலாக்


யூனியன், ஓஹையோ
1817 நவம்பர் 30

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

இங்கே இருவரும் சுகம். காய்ச்சல் ஒன்றுவிட்டு ஒருநாள் வருகிறது, எல்லாருக்கும் வருகிறது, யாரும் அதைச் சீக்கு என்று கணக்கில் எடுப்பதில்லை. லோயிஸ் வளர்ந்திருப்பாளே.

அக்கா, நீ இந்த மண்ணைப் பார்க்க வேண்டும். கல்லே கிடையாது. குதிரைமேல் உட்கார்ந்தவனின் தொப்பியை மறைக்கிற உயரத்துக்குச் சோளம். நான் வந்தபோது பதினோரு வீடு, இன்று அறுபது. மாவு மில் வந்துவிட்டது, இரும்புக் கொல்லன் வந்துவிட்டான். கிழக்கிலிருந்து அரசாங்கச் சாலை மலையைத் தாண்டி ஆற்றங்கரைவரை வந்துகொண்டிருக்கிறது. நியூயார்க்கில் கால்வாய் வெட்டத் தொடங்கிவிட்டார்களாமே. இன்னும் பத்து வருஷத்தில் நம் வெர்மாண்டே இங்கே குடிவந்துவிடும். நீ எதற்கு அந்தப் பாறையில் உழுதுகொண்டிருக்கிறாய்? நிலத்தை விற்றுவிட்டுக் கிளம்பி வா.

இங்கே யாரும் சண்டைக் காலத்தில் நீ எந்தப் பக்கம் என்று கேட்பதில்லை. அது எவ்வளவு நிம்மதி தெரியுமா.

நீ கேட்டதை மறக்கவில்லை. நீதிபதி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார், வெள்ளம் வடியட்டும்.

உன் தம்பி
ஆசகேல்


வெஸ்ட் ஹேலம்
1818 ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். லோயிஸுக்கு இருமல் இருந்தது, மேப்பிள் பாகு கொடுத்ததில் தணிந்தது. உன் வீட்டில் எல்லாரும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

கடிதம் வாங்குகிறவள்தான் அஞ்சலுக்குக் காசு கட்ட வேண்டும் என்பது உனக்கு நினைவிருக்கட்டும். இருபத்தைந்து சென்ட் கொடுத்து உன் ஊர்ச் சோளத்தின் உயரத்தைத் தெரிந்துகொண்டேன். ரொம்ப சந்தோஷம். நான் கேட்ட நான்கு வரியைத் தேடித் தாளின் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

போதகரிடம் போனேன். "அம்மா, சண்டை முடிஞ்சிருச்சு. இப்ப தேசம் முழுக்க எல்லாரும் ஒத்துமையா இருக்காங்க. நீங்க ஒருத்தர்தான் பழசைக் கிளறிக்கிட்டு" என்றார். "ஐயா, புதைச்சவளுக்குத்தானே எங்க புதைச்சதுன்னு தெரியும்" என்றேன். அவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

யோதாமுக்குச் சவப்பெட்டி செய்தது நீ. காய்ச்சல் உடம்போடு எழுந்து வந்து, ஒருவரையும் தொடவிடாமல் நீயே பலகை இழைத்தாய். அதை நான் மறக்கவில்லை. அந்தக் கைதானே, நான்கு வரி எழுத இவ்வளவு யோசிக்கிறது?

அக்கா கேத்தூரா


யூனியன்
1818 மார்ச் 15

அக்காவுக்கு,

சுகம். நீங்கள் சுகமென நம்புகிறேன்.

உன் கடிதம் தாமதமாகத்தான் கிடைத்தது. ஓஹையோவில் எல்லாருக்கும் ஒற்றுமைமேல் ஆசை வந்துவிட்டதால் யூனியன் என்ற பெயரில் மூன்று ஊர் இருக்கிறது. உன் கடிதம் மற்ற இரண்டுக்கும் போய்த் திரும்பியிருக்கிறது. இனிமேல் மாவட்டப் பெயரையும் சேர்த்து எழுது.

என்னை ஊர்ப்படைக்குக் கேப்டனாக நிற்கச் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை, விடமாட்டேன் என்கிறார்கள்.

அக்கா, ஒரு யோசனை. பலகை என்ன பலகை, நாலு வருஷத்தில் சாயம் உரிந்துவிடும். அத்தானுக்கு நல்ல சலவைக்கல்லில் ஒரு நடுகல் நான் செய்து தருகிறேன். செலவு என்னுடையது. எவ்வளவு பெரிய எழுத்து வேண்டுமோ அவ்வளவு பெரிதாக வெட்டச் சொல். அந்தச் சத்தியம், பத்திரம் எல்லாம் விட்டுவிடு. நீதிபதி வேறு மாறிவிட்டார்.

தம்பி ஆசகேல்


வெஸ்ட் ஹேலம்
1818 ஏப்ரல் 19

ஆசகேலுக்கு,

சுகம். சுகம்தானே?

உன் கல் எனக்கு வேண்டாம். கல்லறையில் அவர் பெயர் ஏற்கெனவே இருக்கிறது, அங்கே செத்தவர் எல்லாருக்கும் இருக்கிறது. அவர் காவலில் நின்று செத்தார் என்று ஊர் வாயால் சொல்ல வேண்டும். லோயிஸைப் பள்ளியில் "மாடு மிதிச்சவன் மகளே" என்று கூப்பிடுகிறார்கள். எட்டு வயசுப் பிள்ளை. போன வாரம் ஒருத்தனைச் சிலேட்டுப் பலகையால் அடித்துவிட்டு வந்தாள். நான் திட்டவில்லை.

மார்ச் ஊர்க்கூட்டத்தில் இதைப் பேச வைக்க முயன்றேன். பெண்கள் வாய் திறக்கக் கூடாதே, மேல்மாடியில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்காகப் பேச ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அடுத்ததாகப் பன்றிகளை மேயவிடலாமா என்பதை ஒரு மணி நேரம் பேசினார்கள்.

இப்போது கேள் கூத்தை. புதுக் கொடி வருகிறதாம், மாநிலத்துக்கு ஒன்றாக இருபது நட்சத்திரம். அதனால் ஜூலை நான்கில் விடுதலை ரதம் ஒன்று ஓட்டப் போகிறார்கள். வெள்ளைச் சட்டை போட்ட இருபது சிறுமிகள், ஆளுக்கொரு மாநிலம். நம் லோயிஸ்தான் ஓஹையோ. ரதத்தை எட்டு ஜோடி எருது இழுக்குமாம். விழாத் தலைவர் ஸ்டோடர்ட். செப்டம்பரில் சட்டசபைக்கு வேறு நிற்கிறார். நேற்று என் வீட்டுப் படியேறி வந்து, கூச்சமே இல்லாமல், முன் ஜோடிக்கு ப்ரைட் வேண்டும் என்று கேட்டார். "ஊர்லயே லட்சணமான எருதும்மா அது. தேசத்துக்காகக் கேக்கறேன்."

அந்த எருதைத் தனக்கு முன்பின் தெரியாததுபோல் தடவிக் கொடுத்தார், ஆசகேல். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

ஜூலைக்கு முன்னால் உன் பத்திரம் என் கையில் இருக்க வேண்டும். இது கடைசித் தடவை கேட்கிறேன்.

கேத்தூரா


யூனியன், ஓஹையோ
1818 மே 17

மரியாதைக்குரிய அண்ணிக்கு டார்க்கஸ் எழுதுகிறேன்.

நான் சுகம். உங்களையும் லோயிஸ் குட்டியையும் பார்த்ததில்லை என்றாலும் தினமும் ஜெபத்தில் நினைக்கிறேன். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

உங்கள் கடிதம் வந்தால் அவர் சாப்பிடுவதில்லை. ஏப்ரல் கடிதத்தைப் படித்துவிட்டுக் கோடாரியை எடுத்துக்கொண்டு போய் இருட்டும்வரை மரம் வெட்டினார். வெட்ட வேண்டிய மரமே இல்லை, நிழலுக்கு வைத்திருந்ததை வெட்டிவிட்டார். "அக்கா என்ன கேக்கறாங்க?" என்றால், "ஒண்ணுமில்ல, நாலு வரி" என்கிறார். அந்த நான்கு வரியைக் கொடுத்துவிடுங்கள் என்று நான் சொன்னதற்கு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பத்துத் தாளாவது எழுதி அடுப்பில் போட்டிருப்பார்.

அவருக்கு ஊரில் நல்ல பெயர். கேப்டன் ஆகிவிட்டார். ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் எல்லாரும் சிரிப்பார்கள். இங்கே வேர் பிடுங்க எல்லாரும் எருது கட்டுகிறார்கள், இவர் மட்டும் குதிரைதான் கட்டுவார். என் அப்பா கல்யாணச் சீராகக் கொடுத்த ஜோடியையே திருப்பி அனுப்பிவிட்டார். "வெர்மாண்ட்காரனுக்கு எருதுன்னா பயமா?" என்று கேலி செய்தாலும் குதிரையைத்தான் பூட்டுகிறார். உங்கள் ஊரில் அவரை எருது முட்டிவிட்டதா, அண்ணி?

அக்டோபர்வாக்கில் எங்களுக்குக் குழந்தை பிறக்கும். அதற்குள் அவர் மனம் தெளிய வேண்டும்.

உங்கள் பணிவுள்ள
டார்க்கஸ்


வெஸ்ட் ஹேலம்
1818 ஜூன் 14

ஆசகேலுக்கு,

நாங்கள் சுகம். டார்க்கஸை வெயிலில் நிற்க விடாதே, பாரம் தூக்க விடாதே.

ப்ரைட்டைக் கொடுக்க ஒப்புக்கொண்டேன். காரணம் எனக்கே சரியாகத் தெரியாது. லோயிஸ் ரதத்தில் ஏறத் துடித்தாள், அதுவாக இருக்கலாம்.

நேற்று ஒத்திகை. ஸ்டோடர்ட்டின் ஆட்கள் மூன்று பேர் மாறி மாறி ப்ரைட்டை ஓட்டிப் பார்த்தார்கள். கத்தினார்கள், தார்க்குச்சியால் குத்தினார்கள். அது புல்லை மென்றுகொண்டு நின்றது. முன் ஜோடி நகராமல் பின்னால் ஏழு ஜோடியும் நின்றது. ஊரே கூடிச் சிரித்தது. கடைசியில் நான் போய் அதற்கு முன்னால் நின்று, நீ கன்றிலிருந்து பழக்கின அந்தத் தாழ்ந்த குரலில், "வா ராசா, வா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். சொன்ன மாத்திரத்தில் கிளம்பிற்று. என் தோளில் அதன் மூச்சுப் பட்டது. பதினாறு எருதும் பின்னாலேயே வந்தன.

வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. கையிலிருந்த விறகைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இந்த ஊரில் நம் வீட்டுக் குரலுக்குத் தவிர யாருக்கும் ப்ரைட் ஒரு அடி எடுத்துவைக்காது. அந்தக் குரல் தெரிந்தவர்கள் இரண்டே பேர். யோதாம் செத்த அன்று காலை அறுபது மாட்டுக்கு முன்னால் ப்ரைட் பன்னிரண்டு மைல் நடந்து ஆல்டர் ஓடைவரை போயிருக்கிறது. நான் வீட்டில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

எனக்குப் பத்திரம் இனி வேண்டாம். எழுதுவதானால் எனக்கு எழுது.

கேத்தூரா


வெஸ்ட் ஹேலம்
1818 ஜூலை 5

ஆசகேலுக்கு,

உன் பதில் வர இன்னும் நாளாகும். அதற்குள் நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கொல்லன் பட்டறைக் கல்லில் வெடிமருந்து வைத்து இருபது வெடி வெடித்தார்கள். ப்ரைட் காதைக்கூட அசைக்கவில்லை. மேளம், ஊர்ப்படை, புதுக் கொடி. நான் கறுப்பு உடுப்போடு முன்னால் நடந்தேன், ரதத்துக்கு அழகில்லை என்று முணுமுணுத்தார்கள். வேறு வழி இல்லாததால் பொறுத்துக்கொண்டார்கள்.

சபைக் கூடத்துக்கு முன்னால் மேடை. ஸ்டோடர்ட் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். ஆறு பெயர் முடிந்தது. அவர் தாளை மடிக்கும்போது நான் மேடைக்கு நேர் எதிரே வந்திருந்தேன். தாழ்ந்த குரலில் ஒரே ஒரு தடவை "ஹோ" என்றேன். ப்ரைட் நின்றது. பின்னால் அத்தனை எருதும், ரதமும், இருபது மாநிலமும் நின்றன.

"நடத்தும்மா" என்றார் ஸ்டோடர்ட்.

"ஏழாவது பேர வாசிங்க, நடத்தறேன்."

"இன்னிக்கா இதைப் பேசறது?"

"இன்னிக்குத்தான் நீங்க என் எருதுகிட்ட மாட்டிக்கிட்டிருக்கீங்க."

யாரோ சிரித்தார்கள். ஆள்விட்டு ஓட்டிப் பார்த்தார்கள். ப்ரைட் நடுவீதியில் காலை மடக்கிப் படுத்துவிட்டது. கால்மணி நேரம் வெயிலில் நின்றோம். ஜார்ஜியா மயங்கி விழுந்தாள். கென்டக்கி ஒன்றுக்குப் போக வேண்டும் என்று அழுதாள். தாய்மார்கள் கூச்சல் போட ஆரம்பித்தார்கள். ரதத்தின்மேலிருந்து லோயிஸ், "எங்கப்பா பேரு யோதாம் வீலாக்" என்று கத்தினாள்.

வாசித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை, ஆசகேல். தோற்ற முகத்தோடு வாசித்திருந்தால் பரவாயில்லை. நெஞ்சில் கைவைத்து, கண் கலங்கி, "நம் எல்லையைக் காத்து நின்ற என் அருமை நண்பர் யோதாம் வீலாக்" என்றார். ஜனங்கள் தொப்பியைக் கழற்றி ஆரவாரம் செய்தார்கள். ஸ்டோடர்ட்டுக்குத்தான் செய்தார்கள். யோதாம் எவனிடமிருந்து காத்தார் என்று ஒருவர் கேட்கவில்லை. என்னை வந்து வந்து கட்டிக்கொண்டார்கள். எனக்கு யாரையாவது அறைய வேண்டும்போல் இருந்தது.

லோயிஸ் சந்தோஷமாகத் தூங்குகிறாள். அது போதும் என்று சொல்லிக்கொள்கிறேன்.

கேத்தூரா


யூனியன்
1818 ஜூலை 16

அக்கா,

உன் ஜூன் கடிதம் வந்தது. நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை. ப்ரைட்டை நான் விற்கவும் இல்லை. மந்தையை வழிநடத்த என்னையும் ப்ரைட்டையும் சேர்த்து ஸ்டோடர்ட் கூலிக்குப் பேசினார். ஊரில் பாதிப்பேர் செய்ததுதானே என்று போனேன். அத்தானுக்கு அன்று வேறு இடத்தில் காவல் என்று ஸ்டோடர்ட் சொன்னார், நம்பினேன்.

பாலத்து நடுவில் அத்தான் நின்றார். துப்பாக்கியை நீட்டினார். என் முகத்தைப் பார்த்ததும் தாழ்த்திவிட்டார். "ஆசகேல், நீயாடா? மாட்ட நிறுத்துடா" என்றார். பின்னாலிருந்து ஸ்டோடர்ட், "நிக்காத, போ, போ" என்று கத்தினார். நான் அத்தானைக் கடந்து நடந்தேன். என் பின்னால் ப்ரைட் வந்தது, அதன் பின்னால் எல்லாம் வந்தன. பாலம் குறுகல். நான் சதுப்புக்குள் ஓடிவிட்டேன், குரல் போனதும் ப்ரைட் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது.

இதோடு பத்திரம் வைத்திருக்கிறேன். நீதிபதி முன்னால் சத்தியம் செய்தது. ஸ்டோடர்ட் பெயரும் இருக்கிறது, என் பெயரும் இருக்கிறது. கேப்டன் வேலையை விட்டுவிட்டேன். டார்க்கஸிடம் சொல்லிவிட்டேன், அவள் தன் அப்பா வீட்டில் இருக்கிறாள்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது.

ஆசகேல்


வெஸ்ட் ஹேலம்
1818 செப்டம்பர் 6

ஆசகேலுக்கு,

பத்திரத்தைத் தேர்தலுக்கு மூன்று நாள் முன்னால் ஊர்க் கணக்கரிடம் கொடுத்துக் கூடத்துக் கதவில் ஒட்டச் செய்தேன். உன் பெயரை அழிக்கவில்லை. எல்லாரும் வந்து படித்தார்கள். "ஐயோ பாவம் ஆசகேல்" என்றார்கள். "அவர் பேரைத்தான் வாசிச்சாச்சேம்மா, இன்னும் என்ன?" என்றார்கள். ஸ்டோடர்ட் ஜெயித்துவிட்டார், போன முறை ஜெயித்தவரைவிட நாற்பது வாக்கு அதிகம். அவர் கட்டப்போகும் நூல் ஆலையில் ஊரில் பாதிப்பேருக்கு வேலையாம். லோயிஸுக்கும் வயசு வந்ததும் தருகிறேன் என்று ஆள் அனுப்பினார். வந்தவனை வாசலிலேயே திருப்பிவிட்டேன்.

டார்க்கஸுக்கு நான் தனியாக எழுதியிருக்கிறேன். உன்னிடம் திரும்பிப் போகச் சொல்லியிருக்கிறேன். பிள்ளை என்ன பாவம் செய்தது.

நடந்ததை நடந்தபடி எழுதினாய். யோதாம் நிறுத்தச் சொன்னார், ஸ்டோடர்ட் கத்தினார், பாலம் குறுகல், பின்னால் அறுபது மாடு. எல்லாவற்றையும் பலமுறை படித்தேன். ஜூலை நான்காம் தேதி நான் சத்தம்கூடப் போடவில்லை. மேளமும் வெடியும் இருந்த கூட்டத்தில், பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கிற அளவுக்குத்தான் "ஹோ" என்றேன். ப்ரைட் அடுத்த அடி வைக்கவில்லை, ஆசகேல். ஒரே தடவை சொன்னேன்.

ப்ரைட் சுகம். லோயிஸ் சுகம். நீ சுகமா என்று இந்தக் கடிதத்தில் நான் கேட்கவில்லை. குழந்தை பிறந்ததும் எழுது, காசு கட்டி வாங்கிக்கொள்கிறேன்.

கேத்தூரா